எந்த மாவட்டத்துப் பிள்ளை

டிசம்பர் மழைக்கு உப்புப் பாத்திகள் எல்லாம் குளமாகிக் கிடந்தன. பாத்தியில் வேலை இல்லாத அந்த மாதங்களில் ஹயாத்து முகம்மது முதலாளி தன்னிடம் வேலை செய்த பெண்களில் பத்துப் பேரை மட்டும் ஸ்டோருக்குள் வைத்துக்கொள்வார். வெயில் காலத்தில் வாரிக் குவித்த உப்புக்கு அயடீன் தெளித்து, சாக்கில் கொட்டி, நிறுத்து, வாயைத் தைக்க வேண்டும். கைருன்னிஸாவுக்குத் தையல் வேலை. சாக்கு ஊசி விரலில் ஏறினால் ஒரு எரிச்சல், அதில் உப்புப் பட்டால் வேறோர் எரிச்சல். அதனால் இடது கையில் பழைய காலுறை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் அவள் உட்காருவாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பகல்பொழுதில், மகள் சிபானாவின் உயர்தரப் பரீட்சை முடிவு கைத்தொலைபேசியில் வந்தது.

"உம்மா, ரெண்டு ஏ, ஒரு பி."

"அது நல்லமா?"

"நல்லம். ஆனா இஸட் ஸ்கோரத்தான் பாக்கணும். ஒண்டு தசம் அஞ்சு நாலு வந்திருக்கு."

"அது நல்லமா?"

கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. "தெரியாது உம்மா. சித்தி லெய்லா டீச்சரிட்டக் கேக்கணும்" என்றாள்.

ஸ்டோரில் இருந்த பெண்கள் ஊசியை வைத்துவிட்டு வந்து கைருன்னிஸாவின் தோளைத் தட்டினார்கள். முதலாளியும் கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தார். தங்கமான மனிதர் என்று சொல்ல முடியாது, கெட்டவரும் இல்லை.

"மாஷா அல்லாஹ். என்ன படிக்கப் போற புள்ள?"

"சட்டம் எண்டு சொல்றா."

"நல்ல விசயம். எந்த மாவட்டத்தில போடப் போறீங்க?"

கைருன்னிஸாவுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"கோவிக்காதீங்க. எங்கட தங்கச்சிட மகன் நுஸ்கியும் இந்த முறைதான் எடுத்த. அவரும் சட்டந்தான் கேக்கிறார். நீங்க மன்னார் ஆக்கள்தானே, மன்னாரில போட்டா இஞ்ச எங்கட புள்ளக்கு ஒரு இடம் மிஞ்சும். அதுக்குத்தான் கேட்ட." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் வரை அந்தக் கேள்வி கைருன்னிஸாவின் மண்டைக்குள் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார் முசலிப் பக்கத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் ஒரே நாளில் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவளுக்குப் பதினாறு வயது. வள்ளத்தில் கற்பிட்டியில் வந்திறங்கி, பிறகு புத்தளத்துக் கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் குடியேறி, அங்கேயே மர்ஸூக்கைக் கலியாணம் முடித்து, அங்கேயே சிபானாவைப் பெற்றாள். கொட்டில் போய்க் கல்வீடு வந்தது. இருபது வருசத்துக்குப் பிறகும் கடையில் "அகதி முகாம் ஆக்கள்" என்றுதான் பேர். சண்டை முடிந்ததும் மர்ஸூக் முசலியில் பதிந்து, காடாகிக் கிடந்த காணியை வெட்டத் தொடங்கினான். மாதம் ஒருமுறை வருவான். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போய்விடுவோம் என்று அவன் கேட்டபோது, அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, பிள்ளை படித்து முடியட்டும் என்று தடுத்தவள் கைருன்னிஸாதான். அன்றிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு மாவட்டத்தில் இருந்தது.

சித்தி லெய்லா டீச்சர் அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார். பேரில்தான் சித்தி, சொந்தம் இல்லை; புத்தளம் டவுணில் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயது இருக்கும், அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கையில் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலும், எந்த மாவட்டத்துக்கு எந்தப் புள்ளிக்கு மேல் இடம் கிடைத்தது என்று காட்டும் போன வருச வெட்டுப்புள்ளிப் பட்டியலும் இருந்தன. கைருன்னிஸா பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ராத்தா, நாடு முழுக்க ரெண்டு லட்சத்துக்கு மேல எழுதுது. பாதிக்கு மேல பாஸ். பாஸ் பண்ணின ஆறு பேரில ஒராளுக்குத்தான் கெம்பஸ். சட்டம் எண்டா அதிலயும் இறுக்கம்."

"மற்ற அஞ்சு பேரும்?"

"அவங்களும் பாஸ்தான். இடந்தான் இல்ல."

"பாஸ் பண்ணினா இடம் குடுக்கத்தானே வேணும்?"

"கதிரை இல்லையே ராத்தா. நூறு கதிரை எண்டு வைங்களன். நாப்பது, நாடு முழுக்க ஆரு கூடப் புள்ளி எடுத்தாங்களோ அவங்களுக்கு. அம்பத்தஞ்சு, மாவட்டம் மாவட்டமாப் பிரிக்கிற, சனத்தொகையப் பாத்து. மிச்சம் அஞ்சு, பின்தங்கின மாவட்டங்களுக்கு."

"நாங்க பின்தங்கினதா இல்லையா?"

"புத்தளமும் பின்தங்கினதுதான், மன்னாரும் பின்தங்கினதுதான்." டீச்சர் பட்டியலில் விரல் வைத்துக் காட்டினார். "ஆனா பாருங்க. போன முறை சட்டத்துக்குப் புத்தளம் வெட்டு ஒண்டு தசம் அஞ்சு ஏழு. மன்னாருக்கு ஒண்டு தசம் ரெண்டு."

கைருன்னிஸா எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் அல்ல, நன்றாகவே வாசிப்பாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அவள் ஊரை விட்டு வந்தாள். அந்த இரண்டு எண்ணையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

"ஒரே பேப்பர்தானே டீச்சர்? ஒரே நாள்தானே எழுதினாங்க?"

"ஓம்."

"அப்ப எப்பிடி ஒரு கேள்விக்கு ரெண்டு வெட்டு?"

"சிலாபத்துப் பெரிய பள்ளிக்கூடத்துப் புள்ளயும், மூணு டியூஷன் போற புள்ளயும், நம்மட சிபானாவும் ஒரே வரிசையில நிக்கிறாங்க. அந்த வரிசை நீளம். மன்னாரில அந்த வசதி இல்லாத புள்ளையள் நிக்கிற வரிசை கட்டை. கட்டை வரிசையில ஒண்டு ரெண்டு கதிரைதான் இருக்கும், ஆனா முன்னுக்கு ஆக்கள் குறைவு."

"அப்ப எங்கட புள்ள?"

"போன முறை மாதிரி வெட்டு நிண்டா, தசம் சைபர் மூணு குறையுது. இறங்கினா கிடைக்கும், ஏறினா கிடைக்காது. வெட்டு வர இன்னும் ஆறு ஏழு மாசம் போகும். விண்ணப்பம் மட்டும் இப்பவே போடணும்."

"மன்னாரில போடேலாதா?" என்று கேட்டது சிபானா.

டீச்சர் அவளைப் பார்த்தார். "மூணு வருசம் எங்க படிச்சியோ அதுதான் மாவட்டம். நீ என்னிட்டத்தான் படிச்ச."

வெள்ளிக்கிழமை மர்ஸூக் வந்தான். சிலாவத்துறைக் கருவாடு ஒரு பார்சல், உள்ளங்கை நிறையக் கொப்புளம், தாடியில் செம்மண். ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு மகளைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலை இரண்டு முறை விளங்கப்படுத்தச் சொன்னான். விளங்கியதும் எழுந்து போய் வாசலில் நின்றபடி தொலைபேசியில் கதைத்தான்.

"நெய்னார் மச்சானோட கதைச்சன்" என்றான் திரும்பி வந்து. நெய்னார் அவனுடைய மாமி மகன். முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுதுவினைஞர். "மன்னாரில போடலாமாம்."

"எப்பிடி?" என்றாள் கைருன்னிஸா.

"ரெண்டாயிரத்துப் பத்தில நாங்க அங்க பதிஞ்சதுக்குக் கார்ட் இருக்குத்தானே. அண்டைக்கே புள்ளையையும் அங்க சேத்ததெண்டும், கட்டடம் இல்லாததால தற்காலிகமா இஞ்ச இருந்து படிச்சதெண்டும் கடிதம் தருவாராம். சீலோட."

"புள்ள அந்தப் பள்ளிக்கூடத்தக் கண்ணாலயும் கண்டதில்லையே."

"காணாம விட்டது ஆரு? நீதானே விடல்ல."

அது உண்மைதான்.

"கைரு, கேளு" என்று அவன் குரலைத் தணித்தான். "எங்கள ஒரே நாளில போகச் சொன்னாங்க. உனக்குப் படிப்பும் போச்சு. என்ர வாப்பாட மாட்டுப்பட்டி போச்சு. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தனும் வந்து இந்தா உங்களுக்குரியது எண்டு ஒரு துண்டும் தரல்ல. நாங்க மன்னார் ஆக்கள் எண்டதில பொய் இருக்கா?"

"அதில இல்ல."

"காணி அங்க. கார்ட் அங்க. நான் அங்க. புள்ள படிச்ச இடம் மட்டுந்தான் இஞ்ச. இதில பொய் எவ்வளவு? கால்வாசி. முழுசா உண்மை சொன்ன எங்களுக்கு என்ன கிடைச்ச?"

சிபானா பட்டியலை மடித்துக்கொண்டே சொன்னாள்: "வாப்பா, புடிபட்டா?"

"புடிபடாது. நெய்னார் மாமா ஏற்கெனவே ரெண்டு பேருக்குக் குடுத்திருக்காராம்."

"கடிதம் வந்தா நான் போடுறன்" என்றாள் சிபானா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கைருன்னிஸா மகளின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருசம் விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்த முகம். அந்தத் தசம் சைபர் மூன்றுக்காக அவள் எதையும் செய்வாள் என்று அதில் எழுதியிருந்தது.

மர்ஸூக் திரும்பிப் போய் ஒரு கிழமையில் காட்டுக்கத்தி வழுகிக் காலில் வெட்டிக்கொண்டான். ஆறு தையல். நடக்க முடியாது, விண்ணப்பத்துக்கோ பத்து நாள்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் பெறுபேற்றுத் தாளும் எடுத்துக்கொண்டு கைருன்னிஸா தானே புறப்பட்டாள்.

எலுவன்குளத்தில் பாலத்துக்கு மேலால் கலாஓயாத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்து இறங்கி, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார். ஒரு மணித்தியாலம் நின்றார்கள். ஒரு சிங்களக் கிழவி அவித்த சோளம் விற்றாள். தண்ணீர் வடிந்ததும் பஸ் மெல்ல இறங்கி ஏறி, வில்பத்துக் காட்டுக்குள் செம்மண் பாதையில் ஆடி ஆடிப் போனது. இரண்டு பக்கமும் நனைந்த காடு. பதினாறு வயதில் அவள் கடலால் வந்த தூரம் இது. தரையால் போவது மூன்றாவது முறை.

மர்ஸூக் தகரக் கொட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். காயத்தைப் பார்த்து, சோறு சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். ஒரு கட்டடத்துக்குப் புதுக் கூரை. மற்றதற்குச் சுவர் மட்டும், உள்ளே ஆளுயர நாயுருவி. காரியாலயத்தில் நெய்னார் எல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார்.

"ராத்தா, இந்தக் கடிதத்தோட விண்ணப்பத்தில மாவட்டக் கட்டத்தில மன்னார் எண்டு எழுதச் சொல்லுங்க. வேற ஒரு கதையும் வேணாம்." சீல் அடித்து, ஊதிக் காயவைத்து, கவரில் போட்டுக் கொடுத்தார். காசு ஒன்றும் கேட்கவில்லை. சொந்தத்துக்குச் செய்கிற உதவி.

வெளியே வந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. விறாந்தையில் வாங்கு ஒன்றில் சிபானாவின் வயதில் ஒரு பெட்டை உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கறுப்பு நூலில் சிலுவை. கைருன்னிஸாவைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"இருங்கோ அன்ரி. இது இப்ப விடாது. பஸ்ஸுக்கோ?"

"ஓம் மகள். புத்தளம் போகணும்."

"மூண்டரைக்குத்தான் வரும். நான் அதிபருக்குக் காத்திருக்கிறன். கம்பஸ் ஃபோமில கையெழுத்து வேணும்."

அவள் பெயர் அல்பொன்சா. அரிப்புக் கடற்கரை, தகப்பன் மீன்பிடி. கடைசிச் சண்டை நேரம் வன்னிக்குள் அகப்பட்டு, முகாமில் ஒரு வருசம் இருந்து, திரும்பி வந்து படித்தவள். இவற்றையெல்லாம் பஸ் நேரம் சொல்வது போலவே சொன்னாள். மடியில் பாணும் சம்பலும் தாளில் சுற்றி வைத்திருந்தாள். பாதியைப் பிய்த்து நீட்டினாள். மறுக்கக் கூச்சமாக இருந்ததால் கைருன்னிஸா வாங்கிக்கொண்டாள்.

"எவ்வளவு புள்ளி உனக்கு?"

"ஒண்டு தசம் மூண்டு ஒண்டு, அன்ரி. சட்டம் கேக்கிறன்."

கைருன்னிஸா பாணை மடியில் வைத்தாள். "இடம் கிடைக்கக் காணுமா அது?"

"காணும் எண்டுதான் சேர் சொல்றார். மன்னாருக்குச் சட்டத்துக்கு ரெண்டு இடந்தான் வரும். டவுண் பொடியன் ஒராள் முன்னுக்கு நிக்கிறார். அதுக்குப் பிறகு நான்தான். சேர் எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் விசாரிச்சுப் போட்டார்." அல்பொன்சா கைவிரலில் ஒட்டிய சம்பலை நக்கினாள். "வெளியில இருந்து புதுசா ஆரும் வந்து விழாட்டி எனக்குத்தான்."

"இஞ்ச ஆரு உனக்குப் படிப்பிச்ச?"

"தமிழுக்கு ஒரு மிஸ் இருந்தவா, கலியாணம் முடிச்சுப் போயிட்டா. அரசியல் விஞ்ஞானத்துக்கு ஆரும் இல்ல. மன்னாரில ஒரு அண்ணாவிட்ட நோட்ஸ் வாங்கி எழுதினனான்."

மழை விட்டதும், வெள்ளம் நின்ற இடத்தைச் சுற்றிப் போகத் தெரியாதென்று அவளே பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள். கைருன்னிஸாவின் பையை அவள்தான் தூக்கி வந்தாள். கவர் அதற்குள் இருந்தது. பஸ் வந்தபோது கைருன்னிஸா தன் தொலைபேசி எண்ணைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "கொழும்புக்குப் போற நாளையில புத்தளத்தில இறங்கினா வா மகள். கரைத்தீவுதான்."

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவள் ஒரு தீர்மானமும் எடுக்கவில்லை. மகளுக்கு ஒரு நியாயம் சொன்னாள், அந்தப் பெட்டைக்கு ஒரு நியாயம் சொன்னாள், மர்ஸூக்குக்கும் ஒன்று சொன்னாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வீட்டுக்கு வந்தபோது சிபானா வாசலில் நின்றாள்.

"உம்மா, கடிதம்?"

"சரிவரல்ல" என்றாள் கைருன்னிஸா. வாயிலிருந்து அது அப்படித்தான் வந்தது. "நெய்னார் மாமாக்குப் பயமாம்."

சிபானா உள்ளே போய்க் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த நாள் காலை அவள் விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டிருந்தபோது, கைருன்னிஸா அடுப்பங்கரையில் கவரை நெருப்பில் வைத்தாள். மர்ஸூக் தொலைபேசியில் கேட்டபோது, "ஓம், எல்லாம் போட்டாச்சு" என்றாள். அதுவும் பொய் இல்லை. மாவட்டக் கட்டத்தில் மகள் எதை எழுதினாள் என்று அவன் கேட்கவில்லை.

ஆறு மாதம் போனது; மர்ஸூக் வந்து போன நாட்களிலும் விண்ணப்பப் பேச்சை வீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. மழை வற்றி, பாத்திகளில் கடல்நீர் பாய்ச்சி, பங்குனி உப்பு வாரி, மறுபடி கச்சான் காற்று வீசத் தொடங்கியது. சிபானா இரண்டாம் முறை பரீட்சைக்குப் பதிந்து படித்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்புள்ளி நோன்பு மாதத்தில் வந்தது.

கைருன்னிஸா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மர்ஸூக் எடுத்தான். சிபானாதான் தொலைபேசியைத் தூக்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மகள்! அல்ஹம்துலில்லாஹ்! மன்னாருக்கு ஒண்டு தசம் மூணு ஒண்டாம்! நெய்னார் மாமா இப்பத்தான் சொன்னார். நீ உள்ளுக்கு வந்துட்டாய் புள்ள!" அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"வாப்பா" என்றாள் சிபானா. "நான் புத்தளத்திலதானே போட்ட. புத்தளம் ஒண்டு தசம் அஞ்சு எட்டு. எனக்குச் சட்டம் இல்ல. கலைப்பிரிவுதான் கிடைச்சிருக்கு."

"என்ன புத்தளம்? கடிதம் உம்மா கொண்டு வந்தாவே. நெய்னார் மாமா கையில குடுத்தாரே."

சிபானா தாயைத் திரும்பிப் பார்த்தாள். கைருன்னிஸாவின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்க உம்மா அது?"

"எரிச்சிட்டன்."

தொலைபேசிக்குள் மர்ஸூக் "கைரு, கைரு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிபானா அதை மேசையில் வைத்துவிட்டு, "ஏன்?" என்று மட்டும் கேட்டாள். கைருன்னிஸா விறாந்தையைப் பற்றியும், பாணைப் பற்றியும், இரண்டு இடத்தைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது காரணமாகவே இல்லை என்று அவளுக்கே பட்டது. முன்பின் தெரியாத ஒரு பெட்டை பாதிப் பாண் தந்தாள் என்று பெற்ற மகளின் இடத்தை யார் விட்டுக் கொடுப்பார்கள்?

மர்ஸூக் அடுத்த நாளே வந்தான். அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை. "எனக்குச் செய்திருந்தா பரவாயில்ல. புள்ளக்குச் செய்திட்டாய்" என்றான். நோன்பு திறந்து இரண்டு மிடறு கஞ்சி குடித்துவிட்டு எழுந்து பள்ளிவாசலுக்குப் போனான். இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது மகளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். சிபானா தாயோடு பேசவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்று பதில் வரும். கலைப்பிரிவில் பதிந்தால் மறுபடி சட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்று சித்தி லெய்லா டீச்சர் சொன்னார். பதிவதில்லை என்று சிபானா முடிவெடுத்ததும் கைருன்னிஸாவுக்கு டீச்சர் வாயால்தான் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அன்ரி, அல்பொன்சா கதைக்கிறன். அரிப்பு. எனக்குக் கிடைச்சிட்டு அன்ரி! நாளைக்கு ரெஜிஸ்டர் பண்ணக் கொழும்புக்குப் போறன். கன்னியர் மடத்தில தங்க ஒழுங்கு. பத்தரைக்குப் புத்தளத்தில இறங்குவன். வரச் சொன்னனீங்க, அதுதான்…"

வராதே என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. "வா மகள்" என்றாள் கைருன்னிஸா. "நோன்பு மாசம், வழியில கடையெல்லாம் பூட்டு. இஞ்ச வந்து சாப்புட்டுட்டுப் போ."

மறுநாள் பாத்திக்கு லீவு சொன்னாள். இறால் வாங்கி வந்து குழம்பு வைத்தாள், பருப்பு வைத்தாள், கத்தரிக்காய் பொரித்தாள். நோன்போடு உப்புப் பார்க்க முடியாது. கை அளவை நம்பிப் போட்டாள். வருகிறவள் யார் என்று சிபானாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். சிபானா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள்.

அல்பொன்சா புதுச் செருப்பும் புதுக் கைப்பையுமாக வந்தாள். நடந்து வந்ததில் முகம் வெந்து போயிருந்தது. தாங்கள் நோன்பு என்று தெரிந்ததும் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். கைருன்னிஸா கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோற்றைப் போட்டாள்.

"உப்புச் சரியா பாரு."

"சரி அன்ரி. நல்ல ருசி."

அறைக் கதவு திறந்தது. சிபானா வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிபானாவின் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"அரசியல் விஞ்ஞானம் நீங்களே படிச்சதெண்டு உம்மா சொன்னா."

"ஓம். அதில எனக்கு பி தான். நீங்களும் எடுத்தனீங்களோ? எவ்வளவு?"

"ஒண்டு தசம் அஞ்சு நாலு."

"எட, நல்ல புள்ளி! எங்க கிடைச்சது?"

"கிடைக்கல்ல. புத்தளம் வெட்டு கூட."

அல்பொன்சாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. கணக்குப் பார்க்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. ஏழு மாதமாக அவளும் அந்த எண்களோடுதான் படுத்து எழும்பியிருப்பாள். கைருன்னிஸாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ரி, நீங்க மன்னார் ஆக்கள்தானே. அண்டைக்கு அந்த ஒஃபிஸில இருந்துதானே வந்தனீங்க…"

வெளியே கச்சான் காற்றில் தென்னோலை அடித்துக்கொண்டிருந்தது.

"சோறு ஆறுது மகள்" என்றாள் கைருன்னிஸா.

அல்பொன்சா தட்டைக் கொஞ்சம் தள்ளினாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. சிபானா கை நீட்டித் தட்டை அவள் பக்கமாகவே திரும்பத் தள்ளினாள்.

"சாப்புடுங்க. வீணாக்காதீங்க, உம்மா விடிய இருந்து சமைச்ச. நான் திரும்ப எடுக்கிறன். இன்னும் ஒரு மாசம் இருக்கு." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "ரெஜிஸ்டர் பண்ண ஃபோட்டோ எத்தினை கொண்டு போறீங்க? நாலு வேணும். கைநூலில பாத்த."

அல்பொன்சாவிடம் இரண்டுதான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சிபானா அவளைக் கூட்டிக்கொண்டு புத்தளம் டவுணுக்குப் போனாள். ஸ்டூடியோவில் படம் எடுத்து, கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். கைருன்னிஸா பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

சிபானா அடுப்பங்கரை வாசலில் சாய்ந்து நின்றாள். அவளாக வந்து நின்றது அந்தப் பன்னிரண்டு நாளில் முதல் தடவை.

"பஸ்ஸில சீட் கிடைச்சதா அவளுக்கு?"

"கிடைச்ச. ஜன்னல் பக்கம்." தலைமுக்காட்டைத் தளர்த்தினாள். "உம்மா, நல்ல புள்ளதான் அவள். ஆனா நீங்க கடிதத்தக் கொண்டு வந்து, அவளப் பத்தியும் எல்லாத்தையும் சொல்லி, முடிவ என்னிட்ட விட்டிருந்தாலும் நான் அதப் போட்டிருப்பன்."

கைருன்னிஸா அரிசித் தண்ணீரை வடித்தாள்.

"தெரியும்" என்றாள். "அதுக்குத்தான் சொல்லாம விட்ட."

சிபானா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மன்னிப்புக் கேட்கும் பாவனை இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். இருக்கவில்லை; களைப்புத்தான் இருந்தது.

"வாப்பாக்கு நீங்கதான் கோல் எடுக்கணும். நான் எடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு, அரிசிச் சட்டியைத் தாயின் கையிலிருந்து வாங்கி அடுப்பில் ஏற்றினாள்.